மூன்றாவது பெஞ்சுக்கு வந்த சமாதானம்

எங்கள் சபையில், அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறன்று, சமாதானம் கையால்தான் வரும். பீடத்தருகே நிற்கும் போதகர் (அவரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்) தன் வலது உள்ளங்கையை மூப்பரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைப்பார். பிறகு இருவரும் தங்கள் இடது கையால் மற்றவருடைய கையை மூடிக்கொள்வார்கள். "கிறிஸ்துவின் சமாதானம்" என்று ஐயர் சொல்வார். அதை வாங்கிக்கொண்டு மூப்பர் ஒவ்வொரு பெஞ்சாக வந்து, ஓரத்தில் இருப்பவரிடம் அதேபோலக் கொடுப்பார். அவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். இப்படியே சுவர் வரைக்கும் போகும்.

இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில், நடைபாதை ஓரத்து இடம் என்னுடையது. பெஞ்சுக்கு ஏழு பேர். நான் கையை நீட்டாவிட்டால் மற்ற ஆறு பேருக்கும் சமாதானம் போகாது. பல வருஷம் இதை நான் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

அந்தக் கோவிலில் இடது பக்கம் பதினான்கு பெஞ்சுகள், வலது பக்கம் பதின்மூன்று. ஒன்று ஏன் குறைகிறது என்று இரண்டு கமிட்டிகளிடம் கேட்டேன். ஆர்மோனியம் வைக்க இடம் வேண்டும் என்றார்கள். ஆர்மோனியம் போய் கீபோர்டு வந்த பிறகும் பெஞ்சு திரும்பி வரவில்லை. மின்விசிறிகள் பதினெட்டு, ஓடுபவை பதினொன்று. மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணாமல் ஓர் இடத்தில் உட்கார எனக்குத் தெரியாது. பிரசங்க நேரத்தில் நான் ஜன்னல் கண்ணாடிகளை எண்ணுவதைக் கண்டுபிடித்து என் மனைவி முழங்கையால் இடிப்பாள்.

எங்கள் பக்கத்துக்குச் சமாதானம் கொண்டுவரும் மூப்பர் என் நண்பன். இருவருக்கும் பேரையூர்ப் பக்கம். மிஷன் போர்டிங்கில் ஒரே டிரங்குப் பெட்டியில் பாதி அவன் துணி, பாதி என் துணி. பிறகு மதுரையில் ஒரே பள்ளியில் வேலை. நான் கணக்கு, அவன் தமிழ். அவன் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்தப் பேச்சுதான் அவனைக் கமிட்டிக்குள் கொண்டுபோனது. அங்கே செயலாளர் ஆனான். கல்லறைத் தோட்டத்து விவகாரங்களும் அவன் கையில்தான்.

சமாதானம் கொடுக்கிறபோது முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கையை விடுவதற்குள் குனிந்து ஏதாவது முணுமுணுப்பான்.

"மாப்ள, சட்டைய உள்பக்கம் வெளிய போட்டிருக்க."

பதறிப்போய்ப் பார்ப்பேன். சட்டை சரியாகத்தான் இருக்கும். அவன் அதற்குள் நான்காவது பெஞ்சில் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு நிற்பான்.

எங்களுக்கு ஒரே மகள். பதினோரு வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். பெட்டியின் முன்பக்கத்தை நானும் அவனும் தூக்கினோம். சின்னப் பெட்டி. இரண்டு பேரே போதும் என்று யாரோ சொன்னார்கள், நான்கு பேர் தூக்கினோம். கல்லறைத் தோட்டத்தில் அவளைப் படுக்க வைத்த இடம் ஒரு வேப்ப மரத்தை ஒட்டி இருந்தது. மரம் இல்லாத பக்கத்தில், அவளை ஒட்டி, ஓர் ஆள் இடம் காலி. அதற்கு அடுத்ததாக என் நண்பனின் தகப்பனார் கல்லறை. காலியாக இருக்கும் இடத்தைப் பிள்ளையின் தாய்க்கென்று விட்டுவைப்பதாக அப்போதைய கமிட்டி வாய்மொழியாகச் சொன்னது.

இப்படி விட்டுவைக்கும் இடத்தைச் சுற்றி எல்லாரும் செங்கல் வைத்துத் தொட்டி கட்டிவிடுவார்கள். நான் கட்டவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்குத் தொட்டி கட்டுகிறாயா என்று என் மனைவி பிறந்த வீட்டார் கோபப்பட்டார்கள். எனக்கும் மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நந்தியாவட்டைச் செடியை நட்டேன். அதுதான் எங்கள் எல்லைக் கல். என் நண்பன் என் தோளில் கை போட்டுச் சொன்னான்.

"எதுக்கு மாப்ள தொட்டி? நான் இருக்கேன்ல. எவனும் இந்த எடத்துல மம்பட்டி வச்சிருவானா?"

தொண்ணூறுகளின் பிற்பாதியில் என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டது. எங்கள் வீடு இருந்த ஆனையூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை பஸ்ஸில் நகரத்துக்குள் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். குடிக்கத் தண்ணீர் ஒரு நாளைக்கு நான்கு டம்ளர்தான். மதுரை வெயிலில் நான்கு டம்ளர். நான்தான் அளந்து ஊற்றுவேன். நான்காவது டம்ளரை அவள் பாதி குடித்துவிட்டு மீதியை மூடி வைப்பாள். "ராத்திரிக்கு இருக்கட்டும்" என்பாள். காலையில் பார்த்தால் அது அப்படியே இருக்கும். மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தாலே தாகம் கொஞ்சம் அடங்குகிறது என்றாள்.

எல்லாப் பரிசோதனைகளையும் மறுபடி செய்து பார்க்கச் சொன்னதால் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில வாரம் இருந்தோம். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்த அன்றே, என் நண்பனின் தாயார் தவறிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அலுப்போடேயே துக்கம் விசாரிக்கப் போனோம். பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் மழைத் தண்ணீர் நின்றது. அவன் தோளில் துண்டோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது.

"எப்ப மாப்ள வந்தீங்க?"

"காலைலதான்."

என் மனைவி அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள்தான் கேட்டாள். "அம்மாவ எங்கண்ணே அடக்கம் பண்ணீங்க?"

அவன் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "அப்பா பக்கத்துலதான் தங்கச்சி" என்றான்.

தகப்பனாருக்கு ஒரு பக்கம் பாதை. இன்னொரு பக்கம் எது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். உள்ளேயிருந்து வந்த அவன் அக்காவுக்குத் தெரியாது போலிருந்தது.

"எங்காத்தா ஆசப்பட்டபடியே போய்ச் சேந்துருச்சு தம்பி" என்று அவர் என்னிடம் சொல்லி மூக்கைச் சிந்தினார். "அப்பா பக்கத்துலயே எடம் கெடச்சுச்சு பாருங்க. குடுத்து வச்ச மகராசி."

என் மனைவி மெதுவாக, "நந்தியாவட்டை நின்னுச்சே அண்ணே?" என்று கேட்டாள்.

"அதப் பிடுங்கிச் செவத்தோரமா நடச் சொல்லிருக்கேன் தங்கச்சி. நல்லா வந்துரும்."

எழவு வீட்டில் சண்டை போட முடியாது. வாசல்வரை வந்தவனிடம் தணிந்த குரலில் கேட்டேன். "என்னடா இப்படிப் பண்ணிட்ட?"

"மழை மாப்ள. எங்கிட்டுத் தோண்டுனாலும் தண்ணி. ஒன்னயக் கேக்கலாம்னா வேலூர்ல எங்க போய்த் தேட?" பிறகு அவன் என் மனைவியைப் பார்த்தான். அவள் சற்றுத் தள்ளி, கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது. கர்த்தர் சொகம் குடுப்பாருன்னு நான் தெனமும் முட்டி போட்டு ஜெபிக்கேன். நீ என்னடான்னா எடத்தப் பத்தி இப்பவே பேசுற. ஒனக்கு விசுவாசம் இல்லையா?"

இடத்தைக் கேட்டால் அவள் சாவாள் என்று நம்புகிறேன் என்றாகிவிடும். கேட்காவிட்டால் இடம் போய்விடும். முப்பத்தோரு வருஷம் கணக்குப் போட்டவனுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைவிட மோசமான ஒன்று நடந்தது. ஆராதனை முடிவில் அறிவிப்புகளை வாசிப்பது செயலாளரின் வேலை. கடைசி அறிவிப்பாக அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். தன் தாயார் தகப்பனாரின் அருகில் நித்திரை செய்வதற்காக, தங்களுக்கென்று வைத்திருந்த இடத்தை முழு மனதோடு விட்டுக்கொடுத்த ஆசிரியர் குடும்பத்துக்குத் தன் குடும்பத்தின் நன்றி. தியாகம் என்ற சொல்லையும் ஓரிடத்தில் வைத்தான். தமிழ் வாத்தியார். எங்கே நிறுத்தினால் சபை உருகும் என்று அவனுக்குத் தெரியும்.

சபை உருகியது. வெளியே வந்ததும் என் கையைக் குலுக்கியவர்கள் பத்தொன்பது பேர். "பெரிய மனசு சார் ஒங்களுக்கு." "இந்தக் காலத்துல யாரு சார் செய்வா?" ஐயரம்மா என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார். ஐயர் என் தோளைத் தட்டினார். இருபதாவதாக அவனே வந்தான். கையை நீட்டினான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நீட்டினேன்.

என்னிடமிருந்து எடுத்தது ஒரு பக்கம். எடுத்ததை நானே கொடுத்தேன் என்று ஆக்கி, அதற்கு எனக்கே நன்றியும் சொல்லிவிட்டான். இனிமேல் நான் வாயைத் திறந்தால், கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கிற அற்பன் ஆவேன்.

பஸ் நிறுத்தத்தில் மனைவியிடம் பொரிந்தேன். "அங்கேயே எந்திரிச்சுச் சொல்லிருக்கணும். நாங்க குடுக்கலன்னு சொல்லிருக்கணும்."

"சொல்லி?"

"சொல்லின்னா?"

"கெழவியத் தோண்டி எடுக்கச் சொல்லுவீகளா? செத்தது ஒரு ஆத்மா. அது புருசன் பக்கத்துல படுக்க ஆசப்பட்டுச்சு. நான் எம் பிள்ள பக்கத்துல படுக்க ஆசப்பட்டேன். ரெண்டும் ஒரே ஆசதானங்க."

"அப்ப நீ அவன மன்னிச்சுட்டியா?"

அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். "மன்னிக்கணும்னுதான் சொல்லிருக்கு. வலிக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனோம். பெட்டியில் பன்னிரண்டு என்று போட்டிருந்தது, உள்ளே பதினொன்றுதான் இருந்தது. மகளின் கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, ஆறு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் என் மனைவி மீதி ஐந்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கல்லறைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். புதுத் தொட்டி. பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். கட்டும்போது ஒரு சாண் அகலம் எங்கள் பக்கமும் ஏறி வந்திருந்தது. என் மகளின் கல்லறையை உரசிக்கொண்டு நின்றது.

"இதுக்கு எதுக்கு?" என்றேன்.

"பிள்ளைக்குத் துணையா இருக்காகள்ல. நம்ம போற வரைக்கும் அவுகதான பாத்துக்கணும்."

சுவரோரம் நட்ட நந்தியாவட்டையைத் தேடிப் போனேன். நட்ட குழி இருந்தது. செடி இல்லை.

அதற்கப்புறம் அவளால் கோவிலுக்கு வர முடியவில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் நான் மட்டும் போய்வருவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் கட்டிலிலிருந்து கேட்பாள்.

"கை குடுத்தீகளா?"

"குடுத்தேன்."

"முழுசா?"

"முழுசா."

முழுதாக என்றால், இடது கையாலும் மூடுவது. வலது கையை மட்டும் நீட்டிவிட்டு இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்ட ஞாயிறுகள் உண்டு. அவளிடம் சொன்னதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். அவள் நம்பினாளா என்பது எனக்குத் தெரியாது.

கடைசி மாதத்தில் ஒருநாள் நடுப்பகலில், ஒரு வாய்த் தண்ணீருக்குப் பிறகு, என்னை உட்காரச் சொன்னாள். "ஒண்ணு யோசிச்சேங்க. பிள்ள கல்லறையத் தெறந்து அதுக்குள்ளயே என்னய வைக்க முடியாதா? வருசம் பதினாலுக்கு மேல ஆச்சே. தெறக்கலாம்ல?"

பதினான்கு வருஷம் ஆன கல்லறையை அதே குடும்பத்துக்காகத் திறக்கலாம் என்பது எங்கள் தோட்டத்து விதி. ஆனால் என் மகளுடையது குழந்தைக் குழி. ஒரு பக்கம் வேப்ப மரத்தின் வேர். கால்மாட்டில் பாதை. பெரிய ஆள் படுக்க வேண்டுமானால் மறுபுறம் அகலப்படுத்த வேண்டும். அங்கே அந்த டைல்ஸ் தொட்டி. அதன் ஒரு பக்கச் சுவரை எடுத்தால் போதும். ஒரு சாண்.

நான் போய்க் கேட்டேன். அவன் வீட்டுக் கூடத்தில், எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன். வேறு யாரிடமும் நான் அப்படிக் கெஞ்சினதில்லை. அவன் பதில் சொல்வதற்கு முன்னால் அவன் அக்கா எழுந்துவிட்டார்.

"எங்காத்தா தலமாட்டுல கடப்பாரைய வைக்கிறதா? நல்லாருக்கே தம்பி. குடுக்கும்போது மனசாரக் குடுத்துட்டு, இப்ப இடிக்க வாரீகளா?"

நான் அவனைப் பார்த்தேன். ஒரு வாக்கியம் போதும். 'அக்கா, அவன் குடுக்கல, நான்தான் எடுத்தேன்.' அவன் வாயிலிருந்து எத்தனையோ அழகான வாக்கியங்கள் வந்ததை நான் கேட்டிருக்கிறேன். இது வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கமிட்டில பேசிப் பாக்கேன் மாப்ள" என்றான். கமிட்டியில் அவன் பேசவில்லை. அந்த வருஷக் கமிட்டியில் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேரிடம் பிற்பாடு தனித்தனியாகக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம், "பாக்கலாம்னு சொல்லிருக்கான்" என்றேன்.

"இல்லன்னு சொல்லிட்டாரா?" என்று கேட்டாள். மூடி வைத்திருந்த டம்ளரை நான் நகர்த்தி வைத்தேன். "சரி விடுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளை அடக்கம் செய்தது பின்சுவர் ஓரம், சாக்கடைக்குப் பக்கத்தில். தோட்டத்தில் மிச்சமிருந்தது அந்த வரிசைதான். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நாற்பத்தோரு கல்லறைகள். குழந்தைகளுடையதைச் சேர்த்து. சேர்க்காமல் எண்ணினால் முப்பத்தாறு.

அடுத்து வந்த திருவிருந்தில் அவன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தான். பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. கையை நீட்டினேன். "கர்த்தர் ஆறுதல் தருவாரு மாப்ள" என்றான். அதை வாங்கி, என் மனைவி உட்காரும் இடத்தில் இருந்த யாரோ ஒருவருக்குக் கொடுத்தேன்.

ஆனால் அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை. அயலானோடு சமாதானமாக இருக்கிறவர்கள் வரலாம் என்றுதான் ஐயர் அழைக்கிறார். கையை நீட்டுவது மற்றவர்களுக்காக. அப்பம் எனக்கானது. அதில் பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. அன்று முதல் எல்லாரும் வரிசையாகப் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதுவும் கூச்சமாகி, வலது பக்கம் கடைசிப் பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். அங்கே ஓடாத மின்விசிறிகளில் இரண்டு இருந்தன.

புதிதாக வந்த ஐயர் இளவயதுக்காரர். ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏன் சார் முன்னால வர மாட்டேங்கிறீங்க?"

"மன்னிக்க முடியல ஐயரே."

யாரை என்று அவர் கேட்கவில்லை. அந்த மட்டில் நல்லவர். "ஜெபம் பண்ணுங்க சார்" என்றார்.

"தெனமும் ரெண்டு வேளை பண்ணுறேன். ஜெபத்துல கொறை இல்ல ஐயரே. நான் எழுதிக் குடுத்துக்கிட்டேதான் இருக்கேன். விடைத்தாள் திரும்பி வரல."

அவர் சிரிக்கலாமா என்று யோசித்தார். பிறகு என் மனைவியின் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் விட்டார்.

அது பொய்யில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வரும்போது என் வாய் நின்றுவிடும். சபையே சொல்லிக் கடந்த பிறகு அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். நான் நம்பாதவன் இல்லை. நம்புவதால்தான் அந்த வரியைச் சொல்லப் பயம். நான் மன்னிக்கிற அளவுக்குத்தான் எனக்கும் கிடைக்கும் என்றால், எனக்குக் கிடைக்கப்போவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

சில வருஷம் கழித்து என் நண்பனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. சந்தோஷப்பட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. ஆனால் துக்கமும் வரவில்லை. எனக்கு வந்தது ஒரு எரிச்சல். இனிமேல் அவன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாது. சொல்ல நினைத்தாலும் முடியாது.

வேறு மூப்பர் வந்துவிட்டதால் நான் மூன்றாவது பெஞ்சுக்குத் திரும்பினேன். இரண்டு மாதம்கூட நிம்மதியாக இருந்திருக்க மாட்டேன். ஒரு திருவிருந்து ஞாயிறு அவன் மகன் அவனை நாற்காலி வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து நேராக என்னிடம் நிறுத்தினான்.

"அங்கிள், அப்பாவ ஒங்க பக்கத்துல உக்கார வச்சுட்டுப் போறேன். நான் மைக் செட் பாக்கணும். ஒங்க பக்கத்துலன்னா அவருக்கு நிம்மதி."

அவன் தகப்பனைத் தூக்கி எனக்கு அடுத்த இடத்தில், என் மனைவியின் இடத்தில், உட்கார வைத்தான். நல்ல பையன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் அவன் குடும்பத்துக்கு இடம் விட்டுக்கொடுத்த பெரிய மனசுக்காரன் என்பதுதான். குனிந்து, தணிந்த குரலில், நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னான்.

"அப்பாவுக்கு ஒண்ணுன்னா அப்பத்தா கல்லறையிலயே வைக்க கமிட்டில சொல்லியாச்சு அங்கிள். பதினாலு வருசம் ஆகலதான். அப்பா இம்புட்டு நாளு செயலாளரா இருந்ததால விதிய விட்டுக் குடுத்துட்டாங்க. ஒரு பக்கத் தொட்டிய மட்டும் இடிக்கணுமாம். பரவால்ல, திரும்பக் கட்டிக்கிரலாம்."

போய்விட்டான். நான் மின்விசிறிகளைப் பார்த்தேன். எண்ணிக்கை வரவில்லை. ஏழுக்கு மேல் போகாமல் மறுபடி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். தொட்டியை இடிக்கலாம். அவனுக்காக இடிக்கலாம். அவன் என் மகள் பக்கத்தில் படுப்பான். என் மனைவி சாக்கடைக்குப் பக்கத்தில். அவள் கல்லறையைத் திறந்து என்னை வைக்க இன்னும் ஆறு வருஷம் ஆக வேண்டும். எனக்கு எழுபத்து நான்கு. எனக்காக யார் போய் விதியை விட்டுக் கொடுக்கச் சொல்வார்கள்? மகள் ஓரிடம், மனைவி ஓரிடம், என்னை மூன்றாவதாக வேறு எங்கேயாவது போடுவார்கள்.

சமாதானம் வந்தது. புது மூப்பர் என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். இப்போது அது என்னிடம் இருந்தது. எனக்கு அடுத்தவன் அவன்.

அவன் வலது கை மடியில் கிடந்தது. அதுவாக எழாது. வலது கைதான் வேண்டும். நான்தான் குனிந்து எடுக்க வேண்டும். சுவர்ப்பக்கம் ஐந்து பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தேன். பெஞ்சுப் பலகைபோலக் கனத்தது. என் வலது உள்ளங்கைமேல் அதை வைத்து, இடது கையால் மூடினேன். முழுதாக. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று காத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

அவன் அழுதான். அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. பக்கவாதம் வந்தவர்கள் எதற்கெடுத்தாலும் அழுவார்கள் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அறிவிப்பு வாசிக்கும்போதும் அழுதான், காணிக்கைப் பை வரும்போதும் அழுதான். கையை மறுபடி அவன் மடியில் வைத்தேன், சரிந்தது, திரும்ப எடுத்து வைத்தேன். அவனால் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. அவனைத் தாண்டிக் குனிந்து நானே கொடுத்தேன்.

எல்லாரும் அப்பம் வாங்க எழுந்து போனார்கள். பெஞ்சில் இரண்டு பேர் மிச்சம். நடக்க முடியாதவன், போக முடியாதவன். நடக்க முடியாதவர்களுக்கு ஐயர் இடத்துக்கே கொண்டுவருவார். வந்தார். அவன் வாயில் அப்பத்தை வைத்தார். சின்னக் கிண்ணத்தைச் சாய்த்துத் திராட்சை ரசத்தை ஊட்டினார். பிறகு தட்டோடு என் முன்னால் நின்றார். அவசரப்படவில்லை. "சார்?" என்றார்.

நான் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று.

அவர் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ரசம் அவன் வாயின் செயலற்ற பக்கமாக வழிந்து முகவாயிலிருந்து சொட்டப் பார்த்தது. அது கீழே சிந்தக் கூடாதது. சின்ன வயதில் போர்டிங்கில் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். என் கைக்குட்டையை எடுத்து அவன் வாயைத் துடைத்தேன். மறுபடி வழிந்தது. மறுபடி துடைத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதை மன்னிப்பு என்று நான் சொல்லமாட்டேன். சிந்தக் கூடாதது, துடைத்தேன். வீட்டுக்கு வந்து கைக்குட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கசக்கினேன். கறை போகவில்லை. அடுத்த திருவிருந்துக்கும் அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.